முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எண்ணும் எழுத்தும்: மொரீஷியஸ் வீடுகளுக்கு ஒரு வழிமுறை

மொரீஷியஸில் முதலாம் வகுப்பில் போய் உட்காரும் பிள்ளைக்கு எண்கள் நான்கு பெயரோடு வந்து சேருகின்றன. வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த அன்றாடப் பேச்சுமொழி), கணக்குப் புத்தகத்தில் ஆங்கிலம், இன்னொரு பாடத்தில் பிரெஞ்சு, விருப்பப் பாடமாகத் தமிழ். குழம்பிவிடுமே என்று பயந்து பெற்றோர் முதலில் ஒதுக்கிவைப்பது தமிழைத்தான். கணக்குச் சொல்லித்தரவென்று பார்த்தால், கைக்கு வாகான கருவியைப் பரணில் தூக்கிப் போட்ட கதை அது.

பத்தைத் தாண்டினால் காரணம் விளங்கும். கிரியோலில் 14 என்பது 'காத்தோர்ஸ்'. அதற்குள் ஒரு பத்து இருப்பது பிள்ளையின் காதில் விழாது. ஆங்கிலத்தின் 'ஃபோர்ட்டீனில்' நான்கு முதலில் கேட்கிறது. கேட்டபடியே எழுதும் பிள்ளை 41 என்று எழுதும். தமிழில் பதினான்கு: பத்து முன்னே, நான்கு பின்னே, எழுதுகிற அதே வரிசையில். கிரியோலின் 70 அறுபதும் பத்தும், 80 நான்கு இருபது. தமிழில் எழுபது, எண்பது என்று நேரே போகலாம். தொண்ணூறு மட்டும் தடம் மாறும், அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளை 'ஒன்பதுபது' என்று தானாகச் சொன்னால் திட்டாதீர்கள். விதி பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

வேண்டிய சாமான்: 20 புளியங்கொட்டை, 30 முட்டை வைக்கும் அட்டை ஒன்று, 30 ஐஸ் குச்சி, மூன்று ரப்பர் பேண்ட். வீட்டில் இன்னும் சிறிய குழந்தை இருந்தால் கொட்டைக்குப் பதிலாகப் பாட்டில் மூடி வையுங்கள். கொட்டை வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும்.

ஒன்று முதல் பத்து வரை ஒப்பிப்பது எண்ணுவதாகாது. ஏழு கொட்டையைப் போட்டு எண்ணச் சொல்லுங்கள். முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் புரியவில்லை. அப்போது நீங்கள் எண்ணி, "ஏழு" என்று சொல்லும்போது எல்லாக் கொட்டையையும் கையால் வளைத்துக் காட்டுங்கள். சில பிள்ளைகள் ஒரே கொட்டையை இரண்டு முறை எண்ணும். ஒவ்வொன்றையும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்தியபடி எண்ணினால் அது நின்றுவிடும். அடுத்து, குவியலிலிருந்து ஐந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். இது எண்ணுவதைவிடக் கடினம், ஏனென்றால் எங்கே நிறுத்துவது என்பதை மனதில் வைத்திருக்க வேண்டும். நிறுத்தாமல் குவியல் முழுவதையும் எடுத்துத் தரும் பிள்ளைக்குக் கூட்டலை இன்னும் சில நாள் தள்ளிப்போடலாம்.

முட்டை அட்டையில் 6 வரிசை, வரிசைக்கு 5 குழி. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழித் தட்டு மூன்று கிடைக்கும். மேல் வரிசையை நிரப்பிய பிறகே கீழ் வரிசை. ஏழு என்றால் மேலே ஐந்து, கீழே இரண்டு. வாழை இலையில் ஏழு கறி பரிமாறும் வீட்டுப் பிள்ளைக்கு இதை இலையிலும் காட்டலாம். தட்டை இரண்டு விநாடி காட்டி மூடிவிட்டு "எத்தனை இருந்தது? பத்துக்கு இன்னும் எத்தனை?" என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் "அஞ்சும் ரெண்டும், ஏழு" என்று பதில் வர வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் போதும், ஆனால் வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

பத்துத் தட்டு பழகிய பிறகு குச்சி. பத்துக் குச்சியை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது பிள்ளையின் கையாலேயே நடக்கட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் அதன் கண்ணுக்கு அது ஒரே பொருள். 14 என்றால் ஒரு கட்டு, நான்கு குச்சி. சந்தேகம் வந்தால் அவிழ்த்து எண்ணிப் பார்க்கட்டும். நாணயத்துக்கு அவசரப்படாதீர்கள். ஐந்து ரூபாய்க் காசு ஒன்றும் ஒரு ரூபாய்க் காசு மூன்றும் வைத்தால் இந்த வயதில் "நாலு" என்றுதான் பதில் வரும். காசுக்குள்ளே ஐந்து ஒன்று இருப்பதைப் பார்க்கவோ அவிழ்க்கவோ முடியாதே.

3, 7 போன்றவற்றை இடம்வலமாகத் திருப்பி எழுதுவது இந்த வயதில் சகஜம். தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள்.

எழுத்துக்கு வருவோம். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டி 'அ'வில் ஆரம்பிப்பது பழைய வழக்கம். ஆனால் அ சுழித்து வளைத்து எழுத வேண்டியது, சிறு கைக்குக் கஷ்டம். நேர்கோடுகளால் ஆன ட, ப இரண்டும், ஒரு வளைவு மட்டும் சேரும் ம-வும் சுலபம். புள்ளியைச் சேர்த்தால் அன்றைக்கே படம், மடம், பட்டம் படிக்கலாம். ர சேர்ந்தால் மரம். துணைக்கால் வந்தால் பாடம், பாரம். இகரக் கொக்கி வந்தால் படி, மடி, பாட்டி.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும். கிரியோலில் பாலத்துக்கான சொல்லும் (pon) 'நல்ல' என்பதற்கான சொல்லும் (bon) முதல் ஒலியில்தான் வேறுபடுகின்றன, அந்த ஒலிகளுக்கு வேறு வேறு எழுத்து உண்டு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, 'பாம்பு' என்பதில் இரண்டு ப-வும் ஏன் வேறு மாதிரி ஒலிக்கின்றன என்று கேட்கும். பதில் இதுதான்: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, நடுவில் தனியாகவோ ம், ண், ங் போன்றவற்றுக்குப் பின்னாலோ வந்தால் மெல்லோசை. படம், பட்டம் இரண்டையும் மாறி மாறிச் சொல்ல வையுங்கள். 'பஸ்' மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்கள் இதற்கு அடங்காது.

அதிகம் சறுக்குவது கொம்பில். 'மேடு' சொன்னால் வாயில் ம முந்துகிறது, தாளில் இரட்டைக்கொம்பு முந்துகிறது. கேட்டபடி ம-வைப் போட்டுவிட்டுக் கொம்பைப் பிறகு போட்டால் அது 'டு'வின் தலையில் ஏறிவிடும். எழுதும் முன் "இது கொம்பு எழுத்து" என்று சொல்ல வையுங்கள். படிக்கும்போது கொம்பைத் தாண்டி ம-வின் மேல் விரலை வைத்துத் தொடங்கட்டும். ல, ள, ழ வேறுபாட்டை முதல் ஆண்டில் காதுக்குப் பழக்கினால் போதும், சொல்லெழுத்தில் (சொல்லச் சொல்ல எழுதுவதில்) மதிப்பெண் குறைக்காதீர்கள்.

ஒலி விளையாட்டு எந்த மொழியிலும் நடக்கலாம், நன்றாகப் பேச வரும் மொழியே நல்லது. 'லாப்லி (மழை), லாலின் (நிலா), திசிக் (சர்க்கரை)': முதல் ஒலியில் எது ஒட்டவில்லை? கிரியோலில் இதைச் சொல்லத் தெரிந்த காதுக்கு மரம், மடி, படம் புதிதல்ல. ரோமன் எழுத்தில்தான் கவனம் வேண்டும். 'ஐ' என்று ஆங்கிலத்தில் பெயர் சொல்லும் எழுத்து பிரெஞ்சில் 'இ'. சி-யும் எச்-சும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ச்ச', பிரெஞ்சில் பெரும்பாலும் 'ஷ'. இரண்டு பாடத்துக்கும் வேறு நிற அட்டை போட்ட நோட்டு வைத்து, எது எந்த மொழி என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஒரே நாளில் இரண்டிலும் புது எழுத்து வேண்டாம்.

சொல்லெழுத்துக்கு நாளுக்கு மூன்று சொல். இரண்டு தவறினால் மறுநாள் புதிது எதுவும் தராமல், அந்தச் சொற்களையே எழுத்து அட்டைகளை நகர்த்தி உருவாக்கச் சொல்லுங்கள்.