திரையின் பிக்சல் அடர்த்தியைச் சர்வர் அறியச் செய்வது எப்படி

பத்தமடைப் பாயை இணையத்தில் விற்பவர், கோரை இழைகளின் நெருக்கம் தெரியும்படி படம் காட்டியாக வேண்டும். இல்லையெனில் பட்டுப்பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் விலை ஏன் வேறுபடுகிறது என்பது வாங்குபவருக்குப் புரியாது. பக்கத்தில் 400 பிக்சல் அகலம் ஒதுக்கிய படத்துக்கு, அடர்த்தி விகிதம் (பக்கக் கணக்கில் ஒரு பிக்சல் அகலத்துக்குத் திரையில் உள்ள உண்மையான பிக்சல்களின் எண்ணிக்கை) 2 உள்ள கைப்பேசியில் 800 பிக்சல் அகலமும், 3 உள்ளதில் 1200 பிக்சல் அகலமும் தேவை. எல்லோருக்கும் பெரிய படத்தையே அனுப்பினால், விகிதம் 1 உள்ள பழைய கணினிக்கும் தேவையைப் போல் ஒன்பது மடங்கு பிக்சல்கள் போய்ச் சேரும்.

படங்கள் சிலவே என்றால், எச்டிஎம்எல்லில் படக் குறியின் ‘எஸ்ஆர்சிசெட்’ பண்பில் இரண்டு மூன்று அளவுகளைக் குறித்துவிட்டு, தேர்வைப் பிரவுசரிடமே விடுவது நல்லது. அது இன்றைய முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இயங்கும். படங்களைச் சர்வரே அளவு மாற்றித் தரும் பெரிய தளங்களுக்குத்தான் பின்வரும் வழி பொருந்தும்.

பிரவுசர் இந்த விகிதத்தைத் தானாகச் சொல்வதில்லை. சர்வர் கேட்க வேண்டும். 2021-இல் வெளியான ஆர்எஃப்சி 8942 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்த முறைப்படி, பக்கத்தை அனுப்பும்போது ‘அக்செப்ட்-சிஎச்’ என்ற ஹெடரில் (கோரிக்கையோடும் பதிலோடும் செல்லும் குறிப்பு வரி) ‘செக்-சிஎச்-டிபிஆர்’ என்று குறிப்பிடுங்கள். தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இயங்கினால்தான் இது செல்லும். பக்கத்துக்கான முதல் கோரிக்கையில் விகிதம் வராது. அந்தப் பக்கத்தின் படங்களைக் கேட்கும்போது, ‘செக்-சிஎச்-டிபிஆர்’ ஹெடரில் 2 போன்ற எண் வரும். படங்கள் வேறு டொமைனில் இருந்தால், ‘பெர்மிஷன்ஸ்-பாலிசி’ ஹெடர் மூலம் அந்த டொமைனுக்குத் தனியே அனுமதி தர வேண்டும்.

வரும் எண் முழு எண்ணாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். விண்டோஸில் திரை அளவு 125 சதவீதமாக இருந்தால் 1.25 வரும்; கணினியில் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் எண் மாறும். ஆகவே, வந்த எண்ணுக்குச் சமமான அல்லது அதற்கு அடுத்த பெரிய அளவைத் தேர்ந்தெடுக்கும்படி நிரல் எழுதுங்கள். பாய் நெசவு போன்ற நுண்ணிய படங்களுக்குக்கூட 2-க்கு மேல் போவதில் கண்ணுக்குப் பெரிய ஆதாயம் இல்லை என்பது என் கருத்து.

பலர் மறப்பது, எந்த ஹெடரைப் பொறுத்துப் பதில் மாறும் என்று சொல்லும் ‘வேரி’ ஹெடரை. படத்தின் பதிலில் ‘வேரி: செக்-சிஎச்-டிபிஆர்’ இல்லாவிட்டால், அம்பாசமுத்திரத்தில் ஒருவர் பழைய கணினியில் பார்த்த சிறிய படத்தையே இடையில் நகல்களை வைத்திருக்கும் கேஷ் சேமித்து வைத்து, பாளையங்கோட்டையில் புதிய கைப்பேசி வைத்திருப்பவருக்கும் கொடுத்துவிடும். அதோடு, படத்தின் காட்சி அகலத்தை எச்டிஎம்எல்லிலோ சிஎஸ்எஸ்ஸிலோ குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 800 பிக்சல் படம் பக்கத்திலும் 800 அகலத்துக்கு விரிந்து நிற்கும்.

குரோமும் அதன் அடித்தளத்தில் அமைந்த எட்ஜ் போன்றவையும் இந்த ஹெடரை அனுப்புகின்றன. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் அனுப்புவதில்லை. ஹெடர் வராதபோது தர வேண்டிய இயல்பான அளவு ஒன்றை நிரலில் வையுங்கள். குரோமின் டெவலப்பர் கருவிகளில் கைப்பேசிக் காட்சியைத் தேர்ந்து விகிதத்தை மாற்றி, நெட்வொர்க் பகுதியில் படக் கோரிக்கையின் ஹெடர்களைப் பார்த்தால் எண் வருகிறதா என்பது தெரிந்துவிடும்.