மூன்று தட்டுச் சோறும் 312 டிரைகிளிசரைடும்

விசைப்படகில் வலை இழுத்த காலத்தில் மூன்று தட்டுச் சோறு தின்றாலும் எனக்கு வயிறு ஒட்டியேதான் கிடக்கும். இப்போது பாம்பன் கரையில் உட்கார்ந்து மீன் எடை போடுகிறேன். சோறு மட்டும் அதே மூன்று தட்டு. மீன்பிடித் தடைக்காலம் முடியும் சமயத்தில் ரத்தம் பார்த்தால், ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 312. 150-க்குள் இருக்க வேண்டும். மீன் பொரிக்கிற எண்ணெய் மேல் பழி போட்டேன். டாக்டரோ, "சோறு எவ்வளவு?" என்று கேட்டார்.

சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறியதும் இன்சுலின் சுரக்கிறது. ஈரல் சுமார் 100 கிராம், தசைகள் சுமார் 400 கிராம் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அது நம் ஐஸ் பெட்டி. பெட்டி நிரம்பிய பிறகு மிஞ்சும் மீனைக் கருவாடு போடுவது போல, மிஞ்சும் குளுக்கோஸில் ஒரு பங்கை ஈரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் ஏறி நிற்கும் வரை உடம்பு சோற்றைத்தான் எரிக்கும். தொப்பைக் கொழுப்பு அசையாது, கூடத் தின்ற எண்ணெயும் அங்கேயே போய்ச் சேரும். வலை இழுத்த நாளில் பெட்டி தினமும் காலியானது. தடைக்காலத்தின் 61 நாளும் எனக்கு அது நிரம்பியே கிடந்தது.

சரி, என்ன செய்வது? சோற்றைக் கரண்டியால் அளந்து போடுங்கள். மத்தியானம் மூன்று கரண்டி, அதற்கு மேல் இல்லை. தட்டில் காலியான இடத்தில் சூடை, காரல், முருங்கைக்கீரை. மீனில் மாவுச்சத்தே கிடையாது. முதலில் மீனும் கீரையும், அப்புறம் சோறு. சாப்பிட்டு எழுந்ததும் கால் மணி நேரம் நடந்தால் தசை குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். கருப்பட்டிக் காப்பி நல்லது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், ஈரலுக்கு அதன் ஊர் தெரியாது. சாராயமும் டிரைகிளிசரைடை ஏற்றும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

முதல் வாரம் பசித்தது, வீட்டில் எரிந்து விழுந்தேன். மூன்று மாதம் கழித்து, இரவு சாப்பாட்டுக்குப் பின் 12 மணி நேரம் வெறும் வயிறாக இருந்து பார்த்ததில் 188. இன்னும் இறங்க வேண்டும்.

தொதல் என்ற இனிப்பை மட்டும் விடவில்லை. கீழக்கரை போய் வருகிறவர்கள் வாங்கி வந்தால் ஒரு துண்டு உண்டு. அன்றைக்குச் சோறு இரண்டே கரண்டி.