கூலன்ட் மாற்றும்போது உள்ளே காற்றை அடைத்துவிடாதீர்கள்

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான பழைய கூலன்டை வடிக்கும்போது, எத்தனை லிட்டர் வந்தது என்று பலர் அளப்பதே இல்லை. வடிந்தது 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக 4 லிட்டர் ஊற்றியதுமே டேங்க் நிரம்பி நிற்கிறது. அப்படியென்றால் மீதி 1 லிட்டருக்கான இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. அதனால் வடிப்பதற்கு முன்பே அளவு போட்ட பாத்திரம் ஒன்றை அடியில் வையுங்கள்.

டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறதே என்று நம்பி வண்டியை எடுப்பதுதான் எனக்குத் தெரிந்து ஆபத்தான தவறு. சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றால், சிலிண்டர் ஹெட் தகித்துக்கொண்டிருக்கும்போதும் முள் அசையாமல் இருக்கலாம். ஹெட் வளைந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

காற்று எப்போதும் மேடான இடத்தைத் தேடிப் போகும். ஆகவே, ஊற்றும் வாய் உயரமாக இருக்கும்படி வண்டியின் முன்பக்கத்தை ஏற்றி நிறுத்துவது உதவும். மடமடவென்று ஊற்றாமல், நூல் பிடித்தாற்போல மெதுவாக ஊற்றுங்கள். ப்ளீடர் ஸ்க்ரூ (காற்றை வெளியேற்றும் திருகு) இருந்தால், குமிழி இல்லாமல் கூலன்ட் ஒரே சீராக வரும்வரை திறந்து வைத்து, பிறகு மூடுங்கள். பல வண்டிகளில் அது பிளாஸ்டிக். பலம் காட்டினால் உடையும்.

அப்புறம், அவசரம். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 90 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் திறக்கத் தொடங்கும். அதுவரை ரேடியேட்டர் பக்கம் ஓட்டமே சரியாக இருக்காது. அங்குள்ள காற்றும் வெளியே வராது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏசியை அணைத்துவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். ஏசி ஓடினால் ஃபேனும் சேர்ந்து ஓடும், கணக்குத் தப்பிவிடும். இன்ஜின் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால், பெரும்பாலும் ஹீட்டர் கோரில் (வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரில்) காற்று நிற்கிறது. இந்த நேரத்தில் கூலன்ட் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

சூடாக இருக்கும்போது லெவல் பார்க்க மூடியைத் திருகவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியபின் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் பயமில்லை, நிரப்பினால் போதும்.

தண்ணீரால் அலசிய வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்ஜின் பிளாக்கில் தண்ணீர் தங்கியிருக்கும்; அதன் மேல் ஏற்கெனவே தண்ணீர் கலந்த கூலன்டை ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். எனவே மொத்தக் கொள்ளளவில் பாதிக்குத் தண்ணீர் கலக்காத கூலன்டை முதலில் ஊற்றி, மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். நிறம் ஒத்துப்போகிறதே என்று வேறு வகையைக் கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது.

வடித்த கூலன்டைத் திறந்து வைக்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைகால் என்ற ரசாயனம் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து.

எல்லாம் முறையாகச் செய்தும் நாள்கணக்கில் குமிழி வந்துகொண்டே இருந்தால், வெளியே கசிவு தெரியாமல் லெவல் குறைந்தால், மறுபடி மறுபடி காற்று எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.