சைக்கிளுக்குப் பக்கப்பைதான் சரி

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் ஆடிக்காற்று சைக்கிளையே தள்ளும். கேரியர்மேல் உயரமாகக் கட்டிய மூட்டையும் சேர்ந்து ஆடும். முதுகுப்பை என்றால் சட்டை நனைந்துவிடும். அதனால் கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளுக்கு மாறினேன். ஸ்பேனர், பம்பு, தண்ணீர் எல்லாம் அடியில், இரண்டு பக்கமும் சம எடை. ஆட்டம் அடங்கியது.

அப்புறம் பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தது. கொக்கிகளைப் பின்னால் தள்ளி மாட்டி, பழைய ட்யூபை வெட்டிய பட்டையால் பையின் அடியைக் கேரியர் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். இப்போது ஸ்போக்ஸ் பக்கமும் போவதில்லை. பை வாங்குகிறவர்கள் கடையிலேயே மாட்டி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

நம் குமரி மாவட்டத்தில் இடவப்பாதியிலும் (ஜூன் வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவம்) மழை, ஐப்பசியிலும் மழை. சாதாரணத் தையல் பையில் ஊசித்துளை வழியே நீர் இறங்கும். வாயைச் சுருட்டி மூடும், தையலில்லாமல் ஒட்டிய பையையே வாங்குங்கள்.