வீட்டுக்கு மரத்தில் ஒரு வண்ணப் பெயர்ப்பலகை

18 அங்குல நீளத்தில் மூன்று பைன் பலகைகள் போதும். நடுப்பலகை 6 அங்குல அகலம், மேலும் கீழும் வருபவை 4 அங்குலம், தடிமன் முக்கால் அங்குலம். சரக்கு அடுக்கும் பழைய பாலெட் மரமும் ஆகும். அதில் ‘எச்டி’ (HT) முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம்.

80, 120, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாக, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு பிரைமர் அடியுங்கள். அறுத்த முனைகளுக்கு மட்டும் இரண்டு கோட்டிங். தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அந்த முனைகள்தான், பெயிண்ட் உரியத் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பூட்டுவதற்கு முன்பே வண்ணம் அடித்துவிடுங்கள், அப்புறம் இடுக்கில் பிரஷ் நுழையாது. மேலே மஞ்சள், நடுவில் கருநீலம், கீழே செங்காவி வைத்தால் எனக்குப் பிடிக்கும். அக்ரிலிக் பெயிண்ட், மெல்லியதாக இரண்டு கோட்டிங்.

சரி, இனி எழுத்து. பலகைக்கு உயிரே அதுதான், அவசரப்படாதீர்கள். ‘மகிழம்’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘கி’யின் மேல்விலங்கும் ‘ம்’மின் புள்ளியும் மேலே ஏறும், ‘ழ’வின் வால் கீழே இறங்கும். அதனால் எழுத்தின் உடல் இரண்டரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். பெயரைத் தாளில் வரைந்து, பின்பக்கம் முழுக்க சாக்பீஸைத் தேய்த்து, பலகையில் ஒட்டி, கோட்டின் மேல் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். நீலத்தின் மேல் வெள்ளைக் கோடாக விழும். கார்பன் தாள் இங்கே தெரியாது.

4ஆம் எண் உருண்டை பிரஷும் வெள்ளை பெயிண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு எழுதுகிற ஓவியர்கள் இடது கையில் ஒரு குச்சியைப் பிடித்து, அதன் மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்து எழுதுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கை நடுங்காது. ‘ழ’வின் சுழிவில் உள்விளிம்பை முதலில் எழுதுங்கள். பெயிண்ட் வழிந்து உள்ளே அடைத்துக்கொண்டால் எழுத்தே மாறிவிடும். புள்ளிக்கு பிரஷ் வேண்டாம். பென்சிலின் ரப்பர் முனையை பெயிண்டில் தோய்த்து ஒருமுறை ஒற்றி எடுங்கள், வட்டம் அச்சு வார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு இரவு காயட்டும். மறுநாள் வெளிப்புறத்துக்கான, தண்ணீர் அடிப்படையிலான கிளியர் வார்னிஷ் இரண்டு கோட்டிங். எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளாகும், வெள்ளை எழுத்து பழுப்பேறிவிடும். டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் கலக்குங்கள், குமிழி வராது.

நன்றாகக் காய்ந்தபின் பலகைகளை ஒரு துணிமேல் கவிழ்த்து, இடையில் தீக்குச்சி நுழையுமளவு இடம் விட்டு அடுக்குங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும், அந்த இடம் அதற்கு வேண்டும். பின்னால் அரை அங்குலத் தடிமனுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இரண்டைக் குறுக்கே வைத்து, 2 மி.மீ. துளை போட்டு, 1 அங்குல ஸ்க்ரூ முடுக்குங்கள். அதைவிட நீளமானால் முன்பக்கம் எட்டிப் பார்க்கும்.

ரீப்பர்களின் மேல்முனையில் ஆளுக்கொரு கொக்கி. சணல் கயிறு அழகுதான், ஆனால் மழையில் நைந்துவிடும். வெளிவாசல் என்றால் சங்கிலியே போடுங்கள்.