சின்னக் குளியலறையில் துண்டுக்கு இடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலையில் குளியலறைக்குப் போய், கொக்கியில் தொங்கும் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரமெல்லாம் உலர்ந்து மொறமொறப்பாக இருக்கும். கொக்கியைச் சுற்றிக் கொத்தாகக் கசங்கிய இடத்தில் விரலை வைத்தால் சில்லென்று ஈரம் தெரியும். காலையில் துவட்டிய ஈரம்தான் அது. எத்தனை முறை துவைத்தாலும் இரண்டே நாளில் திரும்பி வரும் புழுங்கிய வாடை அங்கேதான் பிறக்கிறது. துணி ஈரமாகக் கிடக்கும் நேரம் நீள நீளக் கிருமிகள் பெருகும். வாடை அவற்றின் வேலை. சோப்பை மாற்றிப் பயனில்லை.

இடம் போதவில்லை என்று சொல்லும்போது, இரண்டு வேறு தேவைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஈரத் துண்டு காய்வதற்கு ஓர் இடம் வேண்டும். காய்ந்த துண்டை அடுக்கிவைக்க இன்னோர் இடம் வேண்டும். முதலாவது குளியலறையில் இருந்தாக வேண்டும். இரண்டாவதை வெளியே கொண்டுபோய்விடலாம். துவைத்து மடித்த துண்டுகளை உள்ளேயே அடுக்கிவைப்பதைத்தான் முதல் தவறு என்பேன். பருத்தி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொருவர் குளிக்கும்போதும் எழும் ஆவி அந்த அடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடியில் இருக்கும் துண்டை ஒரு மாதம் கழித்து எடுத்து முகர்ந்தால், துவைத்த துணி என்றே தோன்றாது. படுக்கையறை அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கிவிடுங்கள். அன்றாடம் புழங்குபவை மட்டும் உள்ளே இருக்கட்டும். வேறு வழியே இல்லையென்றால், கதவு நிலைக்கு மேலே வெறுமனே கிடக்கும் சுவரில் 25 செ.மீ ஆழத்தில் ஒரு பலகை போடலாம். 70 செ.மீ அகலத் துண்டை மூன்றாக மடித்துச் சுருட்டினால் அந்த ஆழத்துக்குள் அடங்கும். ஆவி மேலேதான் ஏறும் என்பதால் அங்கே நாலைந்து துண்டுக்கு மேல் வேண்டாம்.

கம்பிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கண்ணுக்கு அழகாகப் பட்டதை வாங்கிவிட்டு, துண்டை அளக்க மறந்துவிடுகிறார்கள். வழக்கமான குளியல் துண்டு ஏறக்குறைய 70 செ.மீ அகலமும் 140 செ.மீ நீளமும் இருக்கும். 45 செ.மீ கம்பியில் அதைப் பாதியாக மடித்துத்தான் போட முடியும். மடித்த கணமே கம்பிக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு அடுக்காகி, உள் அடுக்குக்குக் காற்று போகாது. 75 செ.மீ கம்பி என்றால் ஒரு துண்டை முழுக்க விரித்துப் போடலாம். விருந்தினர் வந்த நாளில் மடித்த இரண்டு துண்டுகளும் அதிலேயே அடங்கும்.

நீளத்தோடு விட்டுவிடாமல் உயரத்தையும் கணக்கிடுங்கள். சரிபாதியாகப் போட்ட துண்டு கம்பிக்குக் கீழே 70 செ.மீ தொங்கும். இதை நினைக்காமல் ஒரே சுவரில் 30 செ.மீ இடைவெளியில் இரண்டு கம்பிகளை அடித்துவிட்டால், மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் அப்பிக்கொள்ளும், இரண்டுமே காயாது. மேல் கம்பியைத் தரையிலிருந்து 170 செ.மீ உயரத்திலும் கீழ்க் கம்பியை 90 செ.மீ உயரத்திலும் வைத்துப் பாருங்கள். மேல் துண்டின் முனை 100 செ.மீ உயரத்தில் முடிந்துவிடும். கீழ்த் துண்டு தரைக்கு 20 செ.மீ மேலே நின்றுவிடும். ஒரே சுவரில் இரண்டு துண்டுகளும் காற்றாடத் தொங்கும். கீழ்க் கம்பி குழந்தைகளுக்குக் கை எட்டும் உயரத்தில் அமைந்துவிடுவதால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. முன்னும் பின்னுமாக இரட்டைக் கம்பி உள்ள வகையை வாங்குவதானால், இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கொக்கியை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. மெல்லிய துண்டுக்கும் மாற்று உடைக்கும் அது போதும். ஒரு கொக்கியில் இரண்டு மூன்றாக மாட்டுவதுதான் கூடாது.

ஒட்டும் கொக்கிகளை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் வீட்டில் ஒன்று நள்ளிரவில் துண்டோடு விழுந்தது. காலையில் எடுத்துப் பார்த்தபோது அதன் முதுகில் சோப்புப் படிவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. பசை டைல்ஸைப் பிடிக்கவே இல்லை, சோப்பைத்தான் பிடித்திருந்தது. ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டக் கூடாது. தடித்த துண்டு உலர்ந்த நிலையிலேயே அரை கிலோ இருக்கும், நனைந்தால் இன்னும் கனக்கும். அதை நாம் மெதுவாக எடுப்பதும் இல்லை, வெடுக்கென்று இழுக்கிறோம். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ண வகை, சொரசொரப்பான டைல்ஸிலும் இரண்டு டைல்ஸ் சேரும் இடுக்கின் மேலும் நிற்கவே நிற்காது. அந்த வழியாகக் காற்று புகுந்துவிடும்.

துளையிடுவதென்றால், குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் உள்ள சுவரைத் தொடாதீர்கள். உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாய்கள் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும். டைல்ஸுக்கு உரிய பிட்டைப் போட்டு, சுத்தியல் போல் அடிக்கும் விசையை நிறுத்திவிட்டு, ஓரத்தைத் தவிர்த்துத் துளையிட்டால் விரிசல் விழாது.

கதவின் பின்பக்கம் சின்னக் குளியலறையில் கிடைக்கும் பெரிய வெற்றிடம். ஆனால் உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் கதவில் ஸ்குரூ பிடிக்காது. நாலு நாளில் துளை அகன்று கழன்றுவிடும். மேல் விளிம்பில் மாட்டும் கொக்கியை வாங்கும் முன், கதவுக்கும் நிலைக்கும் நடுவே அதன் தகடு நுழையுமா என்று பாருங்கள். கதவு திறந்தால் சுவரோடு ஒட்டி நிற்குமா என்பதையும் கவனியுங்கள். அப்படி நின்றால் துண்டு நாள் முழுக்க நசுங்கிக் கிடக்கும்.

வாட்டர் ஹீட்டர் மீதோ அதன் வயர் மீதோ துண்டைப் போடும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். ஈரமும் மின்சாரமும் சேரும் இடம் அது. எவ்வளவு இடம் மிச்சமானாலும் அதில் நியாயமில்லை.

எதையும் சுவரில் அடிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, விரித்துத் தொங்கும் துண்டின் அளவான 70-க்கு 70 செ.மீ சதுரமாக வெட்டுங்கள். நினைத்த இடத்தில் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். கதவு அதில் இடித்தால், குனியும்போது தலையில் பட்டால், ஷவரின் தெறிப்பில் தாள் நனைந்து தொங்கினால், பக்கத்துச் சுவருக்கு மாற்றி ஒட்டுங்கள்.