மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்புவது எப்படி?

மருத்துவக் காப்பீட்டுப் பலன்களை நிர்வகிக்கும் ஓர் அரசு முகமைக்கும், அதனுடன் சேர்ந்து இயங்கும் காப்பீட்டு நிறுவனங்கள், மருந்துப் பலன் நிர்வாகிகள், ஊழியர்களுக்குக் காப்பீடு எடுத்துத் தரும் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் இடையே நாள்தோறும் கோப்புகள் போய்வருகின்றன. யார் புதிதாகச் சேர்ந்தார், யாருடைய காப்பீடு முடிவடைந்தது, யாருக்கு இரண்டாவதாக வேறொரு காப்பீடும் உண்டு, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்ற விவரங்கள் அவற்றில் இருக்கும். ஒரே கோப்பில் பல லட்சம் பேரின் பெயரும் பிறந்த தேதியும் அடையாள எண்ணும் அடங்கியிருக்கக்கூடும் என்பதால், அது கசிந்தால் அத்தனை பேரின் அந்தரங்கமும் பறிபோகும். கசியாமல் பாதிமட்டும் வந்து சேர்ந்தாலோ, மருந்துக்காகக் காத்து நிற்கும் ஒரு நோயாளிக்கு ‘உங்கள் காப்பீடு நடப்பில் இல்லை’ என்ற பதில் கிடைக்கும். இந்த இரண்டு தீங்குகளையும் ஒருசேரத் தடுத்தால்தான் பரிமாற்றம் பாதுகாப்பானது என்பது என் கருத்து. இங்கே குறிப்பிடும் சட்டங்களும் கோப்பு வடிவங்களும் அமெரிக்காவுக்கு உரியவை. கோப்பையும் இணைப்பையும் பூட்டித் திறக்கும் மின்னணுச் சாவிகளையும் சரிபார்ப்பையும் பற்றிச் சொல்பவை எங்கும் பொருந்தும்.

எதை அனுப்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இணைப்பை அமைப்பதற்கு முன்பே ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். நோயாளிகளின் தகவல் பாதுகாப்புக்கு அடிப்படையான, 1996-இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தின் கீழ், நோயாளிகளின் தகவலைக் காப்பீட்டு அமைப்பின் சார்பில் கையாளும் வெளி நிறுவனம் ‘பிசினஸ் அசோசியேட்’ ஒப்பந்தம் செய்துகொள்வது கட்டாயம். அதே சட்டத்தின் விதிகள், ஒரு பணிக்குத் தேவையான குறைந்த அளவு தகவலை மட்டுமே பகிர வேண்டும் என்றும் கூறுகின்றன. எனவே கோப்பின் ஒவ்வொரு புலத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு, அது கூட்டாளிக்கு எதற்கு என்று கேளுங்கள். காப்பீடு தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் மட்டுமே தேவைப்படுபவருக்கு நோயின் பெயரையும் அனுப்புவது தவறு. அனுப்பாத தகவல் ஒருபோதும் கசியாது என்பதால், இந்த உரையாடலுக்குச் செலவிடும் நேரம் பின்னால் எந்தக் கருவிக்குச் செலவிடும் நேரத்தைவிடவும் அதிகப் பயன் தரும்.

இரு தரப்பிலும் தொழில்நுட்பப் பொறுப்பாளர் இருவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள் சாவிகளைச் சரிபார்க்கவும் தேவைப்படும்.

எந்த வழியில் அனுப்புவது

கோப்புகளை அனுப்புவதற்கான பழைய எஃப்டிபி நெறிமுறை, இப்போதைய வடிவில் 1985-இல் வரையறுக்கப்பட்டது. அதில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கோப்பும் எந்த மறைப்பும் இல்லாமல் செல்வதால், இந்தப் பணிக்கு அது அறவே ஆகாது. மின்னஞ்சல் இணைப்பாக அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள். மீதமிருப்பவற்றில் பெரும்பாலான கூட்டாளிகளுக்கு எஸ்எஃப்டிபி ஏற்றது. தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் (குறியாக்கம் செய்யும்) எஸ்எஸ்எச் இணைப்புக்குள் அது இயங்குகிறது; கட்டளைகளும் தரவும் வழக்கமாக 22 என்ற ஒரே போர்ட் (இணைப்பு வாயில் எண்) வழியாகச் செல்வதால், வலை இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் விதி எழுதுவது எளிது. பெயரில் ஒத்திருக்கும் எஃப்டிபிஎஸ் வேறொரு நெறிமுறை. அது பழைய எஃப்டிபியின்மேல் டிஎல்எஸ் என்ற குறியாக்கப் பாதுகாப்பைப் போர்த்தியது, தரவுக்கெனத் தனி இணைப்பைத் திறப்பது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு இரு தரப்பும் பல நாட்களை வீணாக்குவது உண்டு. ஆகவே முதல் கடிதத்திலேயே நெறிமுறையின் பெயரையும் போர்ட் எண்ணையும் தெளிவாக எழுதுங்கள். மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் கனெக்ட் டைரக்ட் மென்பொருளைக் கேட்கலாம். அதில் குறியாக்க வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு கோப்பு மட்டும் அனுப்பும் சிறு கூட்டாளிக்கு வலைத்தளப் பதிவேற்றமே போதும். ஆனால் டிஎல்எஸ் 1.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும், கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கட்டாயமாக்கப்பட வேண்டும். 2024 பிப்ரவரியில், மருத்துவக் கட்டணக் கோரிக்கைகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தைத் தாக்கியவர்கள், அத்தகைய இரண்டாம் சரிபார்ப்பு இல்லாத ஒரு தொலைநுழைவுத் தளத்தின் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

சாவிகளைப் பரிமாறிக்கொள்வது

எஸ்எஃப்டிபி கணக்குக்குக் கடவுச்சொல்லைவிட, பிறருக்குக் கொடுக்கும் பொதுச் சாவியும் தன்னிடமே வைத்துக்கொள்ளும் தனிச் சாவியும் சேர்ந்த சாவி இணை பாதுகாப்பானது. கூட்டாளி தம்முடைய இயந்திரத்திலேயே எட்25519 வகைச் சாவியையோ, 3072 பிட் அல்லது அதற்கு மேற்பட்ட ஆர்எஸ்ஏ சாவியையோ உருவாக்கி, அதன் பொதுப் பகுதியை மட்டும் உங்களுக்கு அனுப்ப வேண்டும். தனிச் சாவியை நீங்களே உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்பிவைப்பது உதவிபோலத் தோன்றினாலும், அந்தக் கணத்திலேயே அது இரகசியத்தன்மையை இழந்துவிடுகிறது. ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனிக் கணக்கும் தனிச் சாவியும் கொடுங்கள். ஒருவருடைய கணக்கிலிருந்து மற்றவருடைய கோப்புறை கண்ணில் படவே கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு சரிபார்ப்பு உண்டு. முதன்முறை இணையும்போது சர்வர் தன் சாவியின் விரல்ரேகையை (அதை அடையாளம் காட்டும் சுருக்க எழுத்துத்தொடரை) காட்டி, நம்பலாமா என்று கேட்கும். பலரும் படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், நடுவில் ஒருவர் போலி சர்வரை வைத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் எழுதிவைத்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, விரல்ரேகையை எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் வந்த எண்ணை இதற்கு நம்பக்கூடாது. போலிச் சாவியை அனுப்பக்கூடியவர் போலி எண்ணையும் அனுப்புவார். பின்னொரு நாள் சர்வரின் சாவி மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், அன்றைய அனுப்புதலை நிறுத்திவைத்துவிட்டு மறுபடியும் அதே எண்ணுக்கு அழையுங்கள்.

வழியோடு கோப்பையும் பூட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ள முடியுமானால், அது இதுவாக இருக்கட்டும்: எஸ்எஃப்டிபியும் டிஎல்எஸ்ஸும் கோப்பு பயணம் செய்யும்போது மட்டுமே அதைக் காக்கின்றன. சர்வரில் போய் இறங்கியபின் அந்தக் காவல் முடிந்துவிடுகிறது. 2023 மே மாதத்தில் மூவ்இட் டிரான்ஸ்ஃபர் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த, தரவுத்தளத்துக்குள் கட்டளைகளைப் புகுத்த வழிவிடும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் குறையைப் பயன்படுத்தி, க்ளாப் என்ற கும்பல் உலகெங்கும் ஏராளமான அமைப்புகளின் கோப்புகளைத் திருடியது. பாதிக்கப்பட்டவற்றில் மருத்துவக் காப்பீட்டு அமைப்புகளும் இருந்தன. அவர்கள் எடுத்துச்சென்றவை, பரிமாற்ற சர்வரில் வந்திறங்கித் தங்கியிருந்த கோப்புகள்.

இதற்குத் தீர்வு, அனுப்பும் முன்பே கோப்பைப் பிஜிபி முறையில் குறியாக்கம் செய்வது. பெறுபவருடைய பொதுச் சாவியால் பூட்டிய கோப்பை, அவருடைய தனிச் சாவியால் மட்டுமே திறக்க முடியும். அந்தத் தனிச் சாவியைப் பரிமாற்ற சர்வரில் வைக்காமல், கோப்பைச் செயலாக்கும் உள் அமைப்பில் மட்டும் வைத்திருந்தால், பரிமாற்ற சர்வர் முழுவதையும் ஒருவர் கைப்பற்றினாலும் அவருக்குப் படிக்கத்தக்கது எதுவும் கிடைக்காது. சட்டப்படியும் இதற்கு மதிப்பு உண்டு. ஏற்கப்பட்ட முறையில் குறியாக்கம் செய்த தகவல் சாவி இல்லாமல் திருடுபோனால், ஹிப்பாவின் கசிவு அறிவிப்பு விதி அதற்குப் பொருந்தாது. குறியாக்கம் இல்லாதது கசிந்தால், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றி, மிஞ்சிப்போனால் 60 நாட்களுக்குள், தெரிவிக்க வேண்டியிருக்கும்.

குறியாக்கத்தோடு டிஜிட்டல் கையொப்பமும் இடுங்கள். பொதுச் சாவி யார் கையிலும் இருக்கலாம் என்பதால், கோப்பு பூட்டப்பட்டிருப்பதே அதை அனுப்பியவர் யார் என்பதற்குச் சான்றாகாது. அனுப்பியவரின் தனிச் சாவியால் இட்ட கையொப்பம்தான் அந்தச் சான்று. கோப்பின் பெயர் குறியாக்கத்துக்கு வெளியே நிற்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அதில் பயனாளியின் பெயரோ அடையாள எண்ணோ இடம்பெறக்கூடாது. பெறுபவர் எடுத்துக்கொண்டதும் கோப்பு சர்வரிலிருந்து தானாக நீங்க வேண்டும். எடுக்கப்படாதவற்றுக்கும் சில நாட்களே கெடு வையுங்கள்.

முழுதாகச் சேர்ந்ததா என்று அறிவது

பெரிய கோப்பு பதிவேறிக்கொண்டிருக்கும்போதே, பெறும் தரப்பின் தானியங்கி நிரல் அதை எடுத்துச் செயலாக்கத் தொடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. தற்காலிகப் பெயரில் பதிவேற்றி, முடிந்தபின் உரிய பெயருக்கு மாற்றுவது என்று இரு தரப்பும் உடன்பட்டால் இந்தச் சிக்கல் தீரும். கோப்பின் தலைப்பதிவில் அனுப்புபவர், தேதி, வரிசை எண் ஆகியவையும், இறுதிப்பதிவில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையும் இருக்கட்டும். எண்ணிக்கை பொருந்தாத கோப்பில் ஒரு வரியைக்கூட ஏற்றக்கூடாது. முன்பே வந்த வரிசை எண்ணைக் கொண்ட கோப்பையும் அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு மதிப்பை ஒப்பிடுவது நல்லதே, ஆயினும் அது கோப்பு வழியில் மாறவில்லை என்று மட்டுமே சொல்லும். புறப்படும்போதே பாதியாக உருவான கோப்பை எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும்.

உறுப்பினர் சேர்க்கைக்கென வரையறுத்துள்ள, 834 என்ற எண்ணுடைய வடிவத்தில் வரும் கோப்பில் இதற்கு மிகுந்த முக்கியத்துவம் உண்டு. மாற்றங்களை மட்டும் தாங்கிவரும் கோப்பு ஒரு வகை; எல்லா உறுப்பினர்களையும் கொண்ட முழுக் கோப்பு மற்றொரு வகை. முழுக் கோப்பில் பெயர் இல்லாதவர்களின் காப்பீடு முடிந்துவிட்டதாகப் பெறும் அமைப்பு கருதினால், வழியில் அறுந்துபோன ஒரு கோப்பு ஆயிரக்கணக்கானோரின் காப்பீட்டை ஒரே இரவில் நிறுத்திவிடும். முந்தைய கோப்போடு ஒப்பிடுகையில் எண்ணிக்கை இவ்வளவுக்கு மேல் குறைந்தால் செயலாக்கம் நிற்க வேண்டும், மனிதர் ஒருவர் பார்த்து அனுமதித்த பின்பே தொடர வேண்டும் என்ற வரம்பை எழுத்தில் வையுங்கள். அந்த வரம்பு எத்தனை சதவீதம் என்பதை நிரலாளர்களிடம் விட்டுவிடாமல், காப்பீட்டை நிர்வகிப்பவர்களே தீர்மானிக்க வேண்டும்.

பெறும் தரப்பு ஒப்புகை அனுப்பும்வரை பரிமாற்றம் முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். 999 என்ற ஒப்புகை, கோப்பின் அமைப்பு விதிப்படி இருக்கிறதா என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. எத்தனை பேரின் பதிவு உண்மையில் ஏற்கப்பட்டது, எத்தனை எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்பதற்குத் தனியாக ஒரு பதில் கோப்பு வேண்டும். யாரேனும் கோப்பை எக்செல்லில் திறந்து சேமித்தால், எண்களின் முன்னுள்ள பூஜ்ஜியங்கள் காணாமல் போய் அடையாள எண்கள் சிதைந்துவிடும். இதுபோன்ற பிழைகளை அந்தப் பதில் கோப்பே வெளிக்கொணரும்.

சோதனையும் அன்றாடக் கவனமும்

சோதனைக்குக் கற்பனையான ஆட்களின் விவரங்களையே பயன்படுத்துங்கள். சோதனைச் சூழலுக்கும் நடைமுறைச் சூழலுக்கும் வெவ்வேறு சாவிகள் இருக்கட்டும். நல்ல கோப்பு ஒன்று போய்ச் சேர்ந்ததும் சோதனை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தவறான சாவியால் பூட்டியது, பாதியில் அறுந்தது, இரண்டாம் முறை வந்தது, பதிவே இல்லாதது ஆகியவற்றையும் வேண்டுமென்றே அனுப்பி, ஒவ்வொன்றும் நிறுத்தப்படுகிறதா என்று பாருங்கள். மாற்றம் ஏதும் இல்லாத நாளில்கூட வெற்றுக் கோப்பு ஒன்றை அனுப்பும் வழக்கம் நல்லது, ஏனெனில் அப்போதுதான் கோப்பு வராமையை உடனே கோளாறாக அறிய முடியும். நேரங்களை உலகப் பொது நேரமான யுடிசி கணக்கில் எழுதுங்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் மாறுவதால், உள்ளூர் நேரப்படி வைத்த எச்சரிக்கைகள் குழம்பிப்போகும்.

பிஜிபி சாவிகளுக்குக் காலாவதித் தேதி வைத்திருந்தால், அதற்கு 90 நாட்களுக்கு முன்பே புதியதைப் பரிமாறிச் சோதித்துவிடுங்கள். காலாவதியான அன்று, அவசரத்தில் ‘இன்று மட்டும் பூட்டாமல் அனுப்புங்கள்’ என்ற கோரிக்கை வரும். அதற்கு யாரும் இணங்கக்கூடாது என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

ஒரு கூட்டாளியின் கோப்பு தவறுதலாக மற்றொருவருக்குப் போய்விட்டால், உடனே அழித்துவிட்டு அமைதியாக இருக்கலாம் என்ற எண்ணம் எழும். அழிக்கும் முன் அந்தரங்கப் பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவித்து, யார் எப்போது எடுத்தார் என்ற பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். பெற்றவரிடமிருந்து, திறக்கவில்லை என்றும் அழித்துவிட்டோம் என்றும் எழுத்துமூலம் வாங்குங்கள். கூட்டாளியுடனான ஒப்பந்தம் முடியும் நாளில் அவருடைய கணக்கை முடக்கி, ஃபயர்வால் விதியையும் பொதுச் சாவியையும் நீக்குங்கள். உங்களுடைய பழைய தனிச் சாவியை மட்டும், அதனால் மட்டுமே திறக்கக்கூடிய, காப்பகத்தில் இருக்கும் கோப்புகளின் கெடு முடியும்வரை வலையில் இணையாத இடத்தில் பூட்டிவையுங்கள்.